செய்தி வராதபோது காட்டவேண்டிய திரை

நவம்பர் 3, திங்கள்

புதிய ஸ்பிரின்ட் இன்று தொடங்கியது. இரண்டு வாரத்துக்கு ஓர் ஓட்டம். முதல் நாள் செய்யவேண்டிய வேலைகளை அட்டைகளில் எழுதிப் பலகையில் ஒட்டுவார்கள். கடைசி நாள் ‘டன்’, அதாவது முடிந்தது, என்ற கட்டத்துக்கு நகர்த்திவிட்டுக் கைதட்டிக்கொள்வார்கள். என் அட்டை இந்த முறையும் பலகையில் ஏறவில்லை. அதன் தலைப்பு, ‘செய்தி வராதபோது காட்டவேண்டிய திரை’. ஏப்ரலிலிருந்து அது பேக்லாக்கில் கிடக்கிறது. பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்குவதற்கு இவர்கள் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது.

நாங்கள் செய்வது தனியாக வாழும் முதியவர்களுக்கான ஒரு பெட்டி. சுவர் பிளக்கில் செருகிவிட்டால், வீட்டுக்குள் ஆள் நடமாடுவதை உணர்ந்து செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். துபாயிலோ டொரன்டோவிலோ இருக்கும் பிள்ளை கைப்பேசியைத் திறந்தால் ஒரு பச்சை வட்டம், அதற்குள் ‘நலம்’ என்ற சொல். நடமாட்டம் நின்றுபோனால் சிவப்பு. மின்சாரமோ இணைப்போ போய், பெட்டியிடமிருந்து எதுவுமே வராவிட்டால்? கடைசியாகக் காட்டிய பச்சை அப்படியே நிற்கும். அதற்காகத்தான் சாம்பல் நிறத்தில் ‘செய்தி இல்லை’ என்று ஒரு திரை வரைந்து கொடுத்தேன்.

அகமதாபாத்தில் வடிவமைப்பு படித்தவன் நான். பயன்படுத்துகிறவர்களிடம் பேசி, வரைந்து, சோதித்துப் பார்த்த பிறகுதான் நிரல் எழுதத் தொடங்கவேண்டும். இங்கே காலையில் படம் கேட்பார்கள், சாயங்காலம் நிரல் முடிந்திருக்கும், மறுநாள் என்னைக் கூப்பிட்டு நிறம் சரியாக இருக்கிறதா என்பார்கள்.

என் அண்ணன் தில்லைநாயகத்தின் வட்டமும் பச்சைதான். சோதனைக்காக ஆளுக்கொரு பெட்டி உறவினர் வீட்டில் வைக்கச் சொன்னார்கள். எனக்கு வேறு உறவு இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

கீசர் ரிப்பேர். ஆள் வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. அண்ணன் வட்டம் பச்சை.

நவம்பர் 7, வெள்ளி

ஸ்ரீவத்சனிடம் மறுபடியும் பேசிப் பார்த்தேன். எதைச் செய்வது, எதைத் தள்ளுவது என்று முடிவெடுக்கிறவன் அவன்தான். கல்லூரியிலிருந்து வந்தபோது அவனை நேர்காணல் செய்து எடுத்தவன் நான். அப்போது நான் ‘சார்’. அவனுக்குப் பதவி வந்த மறுவாரம் ‘குரு’ ஆகிவிட்டேன்.

“குரு, அந்தக் காலித் திரையப் பாத்துட்டு கஸ்டமர் என்ன பண்ணுவாரு சொல்லுங்க? பயப்படுவாரு. நம்ம விக்கறதே நிம்மதிதானே?”

“பயப்படவேண்டிய நேரத்துல பயப்படணும்ல?”

“பவர்கட் ஆனதுக்கெல்லாமா? மாசத்துல ஒரு நாள் ஷட்டவுன் இருக்கும். அன்னிக்கு எல்லாருக்கும் கிரே காட்டினா போன் கால் தாங்காது. அடுத்த ஸ்பிரின்ட்ல பாத்துக்கலாம்.”

“இதையே ஏப்ரல்லயும் சொன்ன.”

“ஏப்ரல்லயும் அடுத்த ஸ்பிரின்ட்னுதான் சொன்னேன். கன்சிஸ்டன்டா இருக்கேன் பாருங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். பெனாசிர் மட்டும் சிரிக்கவில்லை. நிரல் எழுதும் பெண், திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரி. ஜூன் மாதம் பக்ரீத்துக்கு ஊருக்குப் போனவளிடம்தான் அண்ணன் வீட்டுப் பெட்டியைக் கொடுத்தனுப்பினேன். நானே கொண்டுபோய் மாட்டியிருக்கலாமே என்று அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.

தில்லைநாயகத்தோடு நான் பேசி வருஷங்களாகிவிட்டன. அப்பா இறந்தபோது அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. நான் போய் இறங்கியபோது வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டிருந்தார்கள். முகம்கூடப் பார்க்கவில்லை. கிளம்பிவிட்டேன் என்று போனில் சொல்லியிருந்தேன், இருந்தும் எடுத்துவிட்டார்கள். கிளம்புவதற்கு முன் ஒரு கூட்டம் முடியவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நவம்பர் 10, திங்கள்

மதியம் சாப்பிடும்போது பெனாசிர் தானாகவே பேச்செடுத்தாள்.

“சார், பெட்டி மாட்டப் போனப்ப ஒங்க அண்ணன் என்னய ஒரு மணி நேரம் கேள்வி கேட்டே கொன்னுட்டாங்க. பாலிடெக்னிக் வாத்தியாராமே? ‘இதுக்குள்ள என்ன சர்க்யூட்டு? இத யாரு பாக்கது? என் தம்பி பாக்கானா?’ன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“சார் தினமும் பாப்பாங்கன்னு சொன்னேன். கழட்டிப் போட்டுறாதீங்க, கழட்டுனா ஒடனே சாருக்குத் தெரிஞ்சிரும்னேன்.”

“தெரியாதே.”

“அப்ப அடுத்த ஸ்பிரின்ட்ல வந்துரும்னு சொன்னாங்கல்ல சார். அதான் இருக்குற மாதிரியே சொல்லிட்டேன்.”

இந்தத் தொழிலில் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. வரப்போவதை வந்துவிட்டதாகப் பேசுவது.

அவர் வேறு ஏதாவது கேட்டாரா என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

தென்மாவட்டங்களுக்குக் கனமழை எச்சரிக்கை. கீசர் ஆள் இன்றும் வரவில்லை. பச்சை.

நவம்பர் 15, சனி

நெல்லையில் விடாத மழை. அணையைத் திறந்துவிட்டார்களாம். தாமிரபரணி படித்துறைகள் மூழ்கிவிட்டன. அண்ணன் வீடு சிந்துபூந்துறையில், ஆற்றுக்கு மிக அருகில். நாங்கள் பிறந்த வீடு அது. சின்ன வயதில் வெள்ளம் வந்தால் எங்கள் தெருவுக்குத்தான் முதலில் வரும்.

காலையிலிருந்து எத்தனை முறை கைப்பேசியைத் திறந்தேன் என்று தெரியவில்லை. பச்சை. நலம்.

நவம்பர் 16, ஞாயிறு

டிவியில் நெல்லை ஜங்ஷன் பகுதியைக் காட்டினார்கள். பஸ் நிலையத்துக்குள் தண்ணீர். நேற்று மாலையிலிருந்து மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்துவிட்டன என்று செய்தி வாசிப்பவர் சொன்னார்.

நான் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தேன். பச்சை. நலம்.

மின்சாரம் இல்லாத ஊரில், கோபுரம் இல்லாத ஊரில், எந்தப் பெட்டி எனக்கு ‘நலம்’ சொல்கிறது? பதில் எனக்குத் தெரியும். இருந்தும் வட்டத்தைத் தொட்டுத் தொட்டுப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அது ஒரு கணம் சுழன்று அதே பச்சைக்கு வந்து நின்றது, இமைக்காத கண்போல. அந்தப் பச்சையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். பதற்றம் தணிக்கும் பச்சை எது என்று பலரிடம் காட்டிச் சோதித்துத் தேர்ந்த பச்சை.

அண்ணன் எண்ணை அழுத்தினேன். அது எனக்கு இன்னும் மனப்பாடம். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாராம். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

காலையில் எல்லாரும் நின்றுகொண்டு பேசும் கூட்டம். ஸ்ரீவத்சன் மலர்ந்த முகத்தோடு வந்தான்.

“சவுத் முழுக்க தண்ணில இருக்கு. நம்ம டேஷ்போர்டப் பாருங்க. திருநெல்வேலி, தூத்துக்குடி, எல்லாம் பச்சை. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. மஸ்கட்லேர்ந்து ஒரு லேடி எழுதியிருக்காங்க, ‘அப்பாவுக்குப் போன் போகல, ஒங்க பச்சையப் பாத்துதான் தூங்கினேன்’னு.”

யாரோ கைதட்டினார்கள்.

“அந்தம்மாவோட அப்பா உயிரோட இருக்காரான்னு உனக்குத் தெரியாது” என்றேன். “அங்க ஒரு பெட்டியும் பேசல. இது எல்லாம் சனிக்கிழமைப் பச்சை.”

“குரு, ப்ளீஸ். இன்னிக்குத்தான் புது ஸ்பிரின்ட்டுக்கு எல்லா அட்டையும் ஒட்டியாச்சு. இப்ப நடுவுல எதையும் சொருக முடியாது. ராத்திரியோட ராத்திரியா எல்லாத்தையும் கிரே ஆக்கினா அத்தனை பேரும் பேனிக் ஆவாங்க. யார் பதில் சொல்றது?”

பெனாசிர் தன் கைப்பேசியை அவன் முன்னால் நீட்டினாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

“இது எங்க உம்மாவோட வட்டம். என்ன காட்டுது?”

“நலம்.”

“எங்க வீடு தண்ணிக்குள்ள கெடக்கு. உம்மாவ பள்ளிவாசல் மாடிக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. எங்க மாமா பாளையங்கோட்டை வரைக்கும் நடந்து வந்து, சிக்னல் இருக்குற எடத்துலேந்து இப்பதான் பேசுனாங்க. உம்மா உசுரோட இருக்காங்க. ஆனா இந்தப் பெட்டி தண்ணிக்கு அடியில கெடந்துக்கிட்டு ‘நலம்’ங்குது. உம்மா போயிருந்தாலும் ‘நலம்’னுதான் சொல்லியிருக்கும்.”

ஸ்ரீவத்சன் வட்டத்தைத் தொட்டான். அது சுழன்று பச்சையில் நின்றது. மறுபடி தொட்டான். அவன் அப்பா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

“எவ்வளவு நேரம் ஆகும்?” என்றான், எங்கள் யாரையும் பார்க்காமல்.

“சாயந்திரத்துக்குள்ள முடிச்சிருவேன். சார் படம் ஏற்கெனவே இருக்கு.”

நானும் அவளும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். இத்தனை வருஷத்தில், வரைகிறவனும் எழுதுகிறவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு திரையைச் செய்வது இதுதான் முதல் முறை. சாம்பல் வட்டம். ‘செய்தி இல்லை’. “இதோட, கடைசியா எப்ப செய்தி வந்ததுன்னு ஒரு வரி கீழ வரணும். அதுதான் முக்கியம். அது ஏன் மொதல்லேருந்தே இல்ல?” என்று கேட்டேன்.

“இருந்துச்சு சார். நான் போட்டிருந்தேன்.”

“யார் எடுக்கச் சொன்னது? ஸ்ரீவத்சனா?”

அவள் பழைய குறிப்பு ஒன்றைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினாள். ‘தேதி வரி வேண்டாம். வட்டத்தின் அமைதியைக் கெடுக்கிறது’ என்று எழுதியிருந்தது. எழுதியது ஸ்ரீவத்சன் இல்லை. பெயர் அருகிலேயே இருந்தது.

நான் காபி எடுத்துவரப் போனேன்.

மாலையில் எல்லாருக்கும் அனுப்பினோம். வரைபடத்தின் தெற்குப் பகுதி எங்கள் கண்ணெதிரே ஒவ்வொரு புள்ளியாகச் சாம்பலானது. விளக்குகள் அணைவதைப் போலிருந்தது. உடனே தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கின. ஸ்ரீவத்சனே எடுத்துப் பேச ஆரம்பித்தான். “இல்லம்மா, அப்படி அர்த்தம் இல்ல. எங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான். ஆமாம்மா, நேத்து வரைக்கும் தெரிஞ்ச மாதிரி காட்டினோம்.”

அண்ணன் பக்கத்தைத் திறந்தேன். சாம்பல். எதிர்பார்த்ததுதான். கீழே தேதி. நவம்பர் 15 என்று இருக்கவேண்டிய இடம்.

ஜூலை 25.

“பெனாசிர், இதுல தப்பு இருக்கு.”

அவள் வந்து பார்த்தாள். நெல்லையில் இருந்த மற்றவர்களின் பக்கங்களைத் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் நவம்பர் 15. மறுபடி அண்ணன் பக்கத்துக்கு வந்தாள்.

“தப்பு இல்ல சார்” என்றாள் மெதுவாக.

நவம்பர் 18, செவ்வாய்

ரயில் இல்லை. பஸ்ஸில் இருக்கிறேன். மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து குதிக்கிறது.

ஜூலை 25க்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் முழுக்க நான் காலைதோறும் பல் துலக்கிக்கொண்டே அந்தப் பச்சையைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, சரி, இருக்கிறார், நான் பேசவேண்டிய அவசியமில்லை என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

குளியலறையில் பாசி பிடித்திருக்கும். அவருக்குச் சர்க்கரை உண்டு. வேலைக்காரியை வைத்துக்கொள்ள மாட்டார். தெருவில் எல்லாரோடும் சண்டை. பேப்பர்காரனோடுகூட. கதவு சாத்தியே கிடந்தால் வாத்தியார் வெளியூர் போயிருக்கிறார் என்று நினைப்பார்கள். நாற்றம் வந்தால் சாக்கடை என்று நினைப்பார்கள். அதற்கு மேல் வெள்ளம் வந்தால்

கோவில்பட்டி. பஸ் இதற்கு மேல் போகாதாம்.

நவம்பர் 19, புதன்

கோவில்பட்டியிலிருந்து பெனாசிரின் மாமா பள்ளிவாசல் ஜமாஅத் வண்டியில் பிஸ்கட்டும் தண்ணீர் கேனும் ஏற்றிக்கொண்டு போனார். பெனாசிர் சொல்லி என்னையும் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டு வந்தார், நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன். எதுவும் காதில் ஏறவில்லை.

தெருவில் சேறு முழங்கால் வரை. எங்கள் வீட்டுச் சுவரில் ஜன்னலுக்கு மேலே தண்ணீர் நின்ற கோடு. கதவைத் தள்ளினேன். உள்ளே தாழிட்டிருந்தது.

வெளியே பூட்டியிருந்தால் போயிருக்கிறார். உள்ளே தாழிட்டிருந்தால் உள்ளே இருக்கிறார். “அண்ணே” என்று கூப்பிட்டேன். என் குரல் சின்னப் பையன் குரலாக வந்தது. கதவை அடித்தேன். உள்ளே தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்க்கத் துணிவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். சேற்று நாற்றம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எதிர் வீட்டு மாடியிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“யாரு? அங்கன என்னத்தத் தேடுதீய?”

“தில்லைநாயகம்... அவர் தம்பி நான்.”

“மெட்ராஸ் தம்பியா? இப்பதான் வழி தெரிஞ்சுதாக்கும்! வாத்தியார மாடி வழியாக் கயறு கட்டி எறக்குனாங்க. அதுக்கும் அவ்வளவு அட்டகாசம். வேட்டி நனையுதுன்னு. கல்யாண மண்டபத்துல இருக்காரு. போங்க, போய் வாங்கிக் கட்டிக்கிடுங்க.”

நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். வண்டியிலிருந்து மாமா ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்கினார்.

மண்டபத்தில் மேடைக்குக் கீழே, மணமக்கள் நாற்காலி ஒன்றில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். யாருடைய சட்டையையோ போட்டிருந்தார். உப்புமா பரிமாறிய பையனிடம் அதில் உப்பில்லை என்று தகராறு. என்னைப் பார்த்ததும் அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“வந்துட்டியா? ஆறு வந்தாத்தான் நீ வருவ போல.”

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“அந்தப் பெட்டி என்னாச்சுண்ணே?”

“எது? அந்தப் பொண்ணு மாட்டிட்டுப் போனதா? கழட்டி அலமாரில போட்டுட்டேன்.”

“எப்ப?”

“ஆடி அமாவாசைக்கு மறுநாள். அமாவாசை அன்னிக்குப் படித்துறையில அப்பாக்கு எள்ளும் தண்ணியும் விட்டுட்டு வந்தேன். தனியாத்தான். மறுநா காலைல காப்பி குடிச்சிட்டு உக்காந்திருந்தேன். அது செவத்துல மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சிட்டு இருந்துச்சு. கழட்டுனா ஒனக்குத் தெரிஞ்சிரும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே. சரி, கழட்டித்தான் பாப்போமேன்னு கழட்டுனேன்.”

அவர் உப்புமாவைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

“அன்னிக்குப் பூரா போன மடியிலயே வச்சிருந்தேன். மறுநாளும். ஒரு வாரம் பாத்தேன். பெறவு, இவனுக்கு நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு விட்டுட்டேன்.”

“எனக்குத் தெரியலண்ணே. கழட்டுனா காட்டுற திரைய அப்ப அவங்க செய்யல. பச்சையாவே காட்டிச்சு. தினமும் பாத்தேன், நலம்னே போட்டிருந்துச்சு. சத்தியமா. அந்த மேனேஜர் கிட்ட ஏப்ரல்லேருந்து சொல்லிட்டு...”

“சரிலே” என்றார். “அது காட்டல. ஒனக்கு வாயில்லையா?”

நவம்பர் 21, வெள்ளி

ஊருக்குள் சிக்னல் வந்துவிட்டது. வீட்டைக் கழுவ ஆள் கிடைக்கவில்லை. நானே துடைப்பத்தோடு இறங்கினேன். அண்ணன் மண்டபத்திலிருந்து வர மறுக்கிறார். உப்பில்லாத உப்புமா பழகிவிட்டதாம்.

மதியம் அவர் பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மார்பு ஏறி இறங்குகிறதா என்று நின்று பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். எழுந்து போய் மறுபடி பார்த்தேன்.

பெனாசிரிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. நெல்லை, தூத்துக்குடியில் சாம்பலானவர்கள் பெரும்பாலும் பச்சைக்குத் திரும்பிவிட்டார்களாம். வெள்ளத்தோடு சம்பந்தமில்லாத சாம்பல்களும் இருக்கின்றன என்று எழுதியிருந்தாள். மழையே பெய்யாத ஊர்களில். கடைசிச் செய்தி அக்டோபரில், செப்டம்பரில். ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டு போன் செய்கிறார்கள், ஸ்ரீவத்சனும்தான்.

என் பங்கில் முதல் பெயர் ஓர் அம்மாள், நாமக்கல் பக்கம். மகன் கனடாவில். நாங்கள் அனுப்பிய எதையும் அவன் திறந்து பார்த்த மாதிரித் தெரியவில்லை. கடைசிச் செய்தி ஏப்ரல் 11.

அந்த மாதத்தில்தான் என் அட்டையை பேக்லாக்கில் போட்டார்கள்.

எண்ணை அழுத்தினேன். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. தானாக நின்றது.

கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“எடுக்காங்களா?”

“இல்ல.”

“திரும்பப் போடு.”